நடமாட்டம்

1992-ம் வருடம், மார்ச் 6-ம் தேதி, வெள்ளிக்கிழமை. அன்றைக்கு ஒருநாள் மட்டும் தயவுசெய்து கம்ப்யூட்டரை ஆன் செய்யாதீர்கள் என்று அமெரிக்க டிவி சேனல்கள் அலறின. ஆன் செய்தே தீரவேண்டும் என்றால், முதல் நாளே கம்ப்யூட்டரின் தேதியை மாற்றி வைத்துவிடுங்கள் என்று யோசனை சொன்னார்கள். 6-ம் தேதி என்ற ஒன்று அதன் கண்ணிலேயே படக்கூடாது.

காரணம், மைக்கேலேஞ்சலோ. ஓவியர் போய்ச் சேர்ந்து நானூறு வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. இது அவர் பெயர் கொண்ட வைரஸ். 1991-ல் கண்டுபிடித்தார்கள். வருடம் முழுக்கச் சத்தம் போடாமல் ஃப்ளாப்பிக்கு ஃப்ளாப்பி தாவிக்கொண்டிருக்கும். மார்ச் 6 வந்ததும் ஹார்ட் டிஸ்க்கின் ஆரம்பப் பகுதியில் குப்பையை எழுதி நிரப்பிவிடும். தகவல் அத்தனையும் போச்சு. இத்தனைக்கும் அந்த வைரஸுக்குள் மைக்கேலேஞ்சலோ என்று ஒரு எழுத்துகூடக் கிடையாது. யாரோ தேதியைப் பார்த்து, அட, இது அவர் பிறந்தநாள் ஆயிற்றே என்று வைத்த பெயர்தான் அது.

எத்தனை கம்ப்யூட்டர்கள் சாகும்? பத்திரிகைக்காரர்கள் ஆன்ட்டி வைரஸ் வியாபாரத்தில் பெரும் புள்ளியாக இருந்த ஜான் மெக்கஃபியிடம் போய்க் கேட்டார்கள். ஐம்பதாயிரத்திலிருந்து ஐம்பது லட்சம் வரை இருக்கலாம் என்றார் அவர். இப்படி ஒரு எஸ்டிமேட்டைக் கொண்டுபோய் நீட்டினால் எந்த ஆடிட்டரும் முகத்திலேயே விட்டெறிவார். பத்திரிகைகள் எறியவில்லை. முதல் எண்ணை மெல்ல மறந்துவிட்டு, இரண்டாவது எண்ணைத் தலைப்பில் போட்டுக்கொண்டன. ஆன்ட்டி வைரஸ் பெட்டிகள் கடைகளில் சுடச்சுட விற்றுத் தீர்ந்தன.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. பிற்பாடு சொல்லப்பட்ட கணக்கு, உலகம் முழுக்க பத்தாயிரம் முதல் இருபதாயிரம் கம்ப்யூட்டர்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பயம் முழுக்கக் கட்டுக்கதை அல்ல. அந்த ஜனவரியில்தான் அமெரிக்கக் கம்பெனி ஒன்று சுமார் ஐந்நூறு புத்தம் புதிய கம்ப்யூட்டர்களை, உள்ளே மைக்கேலேஞ்சலோவோடு சேர்த்தே பேக் செய்து அனுப்பியிருந்தது. தவிரவும், பயந்துபோய் முன்கூட்டியே சுத்தம் செய்ததால் தப்பித்தவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு ஏது?

அந்தக் கணக்கு இல்லாததுதான் பிரச்னையே. ஒரு வைரஸ் இருக்கிறது என்பது வேறு. அது வெளியே சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது வேறு. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல கம்ப்யூட்டர் உலகம் வைத்திருக்கும் வார்த்தைதான் 'இன் த வைல்ட்'.

இன்றைக்கும் இதை நீங்கள் பார்க்கலாம். கூகுள் தன் க்ரோம் பிரவுசருக்கு அவசர அப்டேட் விடும்போது, கூடவே ஒரு குறிப்பு எழுதும். இந்த ஓட்டையைப் பயன்படுத்தும் ஆயுதம் 'இன் த வைல்ட்' இருப்பது எங்களுக்குத் தெரியும் என்பதாக. ஒரே ஒரு வரி. ஆனால் உலகமெங்கும் பல அலுவலகங்களில் ராத்தூக்கத்தைக் கெடுக்கிற வரி.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? 'காட்டில் இருக்கிறது' என்று எழுதினால் கதை கந்தல். நம் ஊரில் சிறுத்தை காட்டில் இருந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். அது இருக்கவேண்டிய இடம் அதுதான். டீ எஸ்டேட் ஓரம் வந்து ஆட்டைத் தூக்கினால்தான் மறுநாள் பேப்பரில் 'சிறுத்தை நடமாட்டம், பொதுமக்கள் பீதி' என்று வரும். ஆங்கிலத்துக்காரன் கூண்டுக்குள் இருந்து பார்க்கிறான். கூண்டுக்கு வெளியே எல்லாம் அவனுக்குக் காடு. நாம் ஊருக்குள் இருந்து பார்க்கிறோம். எனவே காடு என்பதை விட்டுவிடுவோம். நடமாட்டம்தான் சரியான வார்த்தை. நம் நிருபர்கள் என்றைக்கோ கண்டுபிடித்து வைத்துவிட்டார்கள்.

நடமாட்டத்துக்கு எதிர்ப்பதமும் அந்தத் தொழிலில் உண்டு. ஜூ. மிருகக்காட்சிசாலைதான். ஆராய்ச்சிக்கூடத்தில், ஆராய்ச்சியாளர்களின் சேகரிப்பில் மட்டும் இருந்துகொண்டு, ஒரு நிஜ மனிதரின் கம்ப்யூட்டரையும் தொடாத வைரஸுக்கு ஜூ வைரஸ் என்று பெயர். இந்த இரண்டு ஜாதிக்கும் ஆதிமூலத்திலேயே ஆளுக்கொரு உதாரணம் இருக்கிறது.

முதலில் வெளியே திரிந்தது. 1982. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பக்கம், ரிச் ஸ்க்ரென்டா என்று பதினைந்து வயதுப் பொடியன். சிநேகிதர்களிடம் கேம்ஸ் ஃப்ளாப்பி வாங்கி, உள்ளே ஏதாவது வில்லங்கம் பண்ணித் திருப்பிக் கொடுப்பது அவன் பொழுதுபோக்கு. கொஞ்ச நாளில் பசங்கள் உஷாராகி, இவன் கையில் ஃப்ளாப்பி கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். கையில் வாங்காமலே எப்படிக் கை வைப்பது? யோசித்து எழுதியதுதான் 'எல்க் க்ளோனர்'. ஆப்பிள் டூ கம்ப்யூட்டரின் மெமரியில் பதுங்கிக்கொள்ளும். அடுத்து எவன் வந்து எந்த ஃப்ளாப்பியைச் செருகினாலும் அதில் ஏறிக்கொள்ளும். ஐம்பதாவது முறை பூட் செய்யும்போது திரையில் ஒரு கவிதை வரும். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தைத் தாண்டி, ஊரைத் தாண்டி அது போனது. பொடியனின் கணக்கு வாத்தியாரே அதில் மாட்டிக்கொண்டார் என்று கேள்வி. படைத்தவன் கையை விட்டு வெளியேறி நடமாடிய முதல் பர்சனல் கம்ப்யூட்டர் வைரஸ் என்று பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

கூண்டுக்குள் இருந்தது அடுத்த வருடம் வந்தது. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஃப்ரெட் கோஹன் என்ற ஆராய்ச்சி மாணவர், 1983 நவம்பரில் ஒரு வகுப்புக் கருத்தரங்கத்துக்காக ஒரு புரோகிராம் எழுதினார். எட்டு மணி நேர வேலை. முறையாக அனுமதி வாங்கி, அது தப்பித்துப் போய்விடாதபடி கண்காணிப்பு ஏற்பாடெல்லாம் செய்துவிட்டுத்தான் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரில் இறக்கினார். ஐந்து தடவை சோதனை. ஐந்திலும் மொத்தக் கம்ப்யூட்டரின் அதிகாரமும் அதன் கைக்கு வந்துவிட்டது. ஒருமுறைகூட ஒரு மணி நேரத்தைத் தாண்டவில்லை. ஒருமுறை ஐந்து நிமிடத்துக்குள்ளேயே ஆட்டம் முடிந்தது. அவரது பேராசிரியர் லென் ஏடல்மேன்தான் இதற்கு 'வைரஸ்' என்ற பெயரைச் சொன்னவர். ரிசல்ட்டைப் பார்த்த கம்ப்யூட்டர் நிர்வாகிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? இனிமேல் இந்த மாதிரிச் சோதனைகளுக்கே அனுமதி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

கவனித்தீர்களா? பொடியன் எழுதியது சாதாரணம், வெளியே போய்விட்டது. கோஹன் எழுதியது அசுரன், கூண்டை விட்டு அசையவில்லை. எது எவ்வளவு பயங்கரம் என்பதற்கும் எது வெளியே இருக்கிறது என்பதற்கும் சம்பந்தமே கிடையாது. சட்டத்துக்கும் இது தெரியும். நம் ஊர் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ன் 43-வது பிரிவு, அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் வைரஸைப் புகுத்துவதைத்தான் குற்றம் சாட்டுகிறது. திறந்துவிட்ட கையைத்தான் அது தேடுகிறது.

விற்கிற ஆசாமிகளுக்கு மட்டும் இந்த வித்தியாசம் பிடிக்கவில்லை. பிடிக்கவும் பிடிக்காது. எங்கள் சாஃப்ட்வேர் எண்ணூறு வைரஸைப் பிடிக்கும் என்று ஒருவர் பெட்டியில் போட்டால், எங்களுடையது ஆயிரம் என்று அடுத்தவர் போடுவார். அந்த ஆயிரத்தில் எத்தனை வெளியே இருக்கின்றன என்று பெட்டியில் எழுதியிருக்காது. எண்ணிக்கையைக் கூட்டிக்கொடுக்கவும் ஆட்கள் இருந்தார்கள். 1990-ல் பல்கேரியாவின் சோஃபியா நகரத்தில் டெலிபோன் லைன் வழியாகப் போய்ச் சேரும் ஒரு வைரஸ் பரிமாற்ற நிலையம் ஆரம்பமானது. பண்டமாற்று முறை. நீ ஒரு புது வைரஸைக் கொடு, நான் என் சேகரிப்பைத் திறந்துவிடுகிறேன். நல்ல புது வைரஸ் எழுதத் தெரியாதவன் என்ன செய்வான்? பழசில் நாலு வரியை மாற்றி, புதுசு என்று கொடுப்பான். இப்படிப் பிறந்த ஐட்டங்கள் பல, பரிமாற்ற நிலையத்திலிருந்து நேரே ஆன்ட்டி வைரஸ் கம்பெனியின் சேகரிப்புக்குப் போய் ஒரு எண்ணாக உட்கார்ந்துகொள்ளும். நடுவே ஒரு குமாஸ்தாவின் கம்ப்யூட்டரைக்கூட அது பார்த்திருக்காது.

மைக்கேலேஞ்சலோ கலாட்டா நடந்த அடுத்த வருடம், 1993 ஜூலையில், ஜோ வெல்ஸ் என்ற ஆன்ட்டி வைரஸ் ஆராய்ச்சியாளர் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட ஆரம்பித்தார். பெயர் 'வைல்ட் லிஸ்ட்'. நடமாட்டப் பட்டியல். பல நாடுகளிலும் இதே தொழிலில் இருந்தவர்களை நிருபர்களாகச் சேர்த்துக்கொண்டார். கூலி கிடையாது. உங்கள் ஊரில், நிஜமான ஒருவரின் கம்ப்யூட்டரில், நிஜமாகவே பிடிபட்ட வைரஸ் எது? அதை மட்டும் சொல்லுங்கள். கேள்விப்பட்டதெல்லாம் வேண்டாம்.

இதில் அவர் வைத்த ஒரு விதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரே ஒரு நிருபர் சொன்னால் அந்த வைரஸ் துணைப் பட்டியலில்தான் உட்காரும். குறைந்தது இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னால்தான் மெயின் லிஸ்ட்டுக்கு வரும். வரவு வைக்க வவுச்சர் கேட்கிற பழைய காலத்துக் கணக்குப்பிள்ளையின் புத்தி. ஐம்பது லட்சம் என்று அலறிய ஊரில் இரண்டு சாட்சி கேட்ட மனிதர்!

பட்டியலைப் பார்த்தவர்களுக்குத்தான் விஷயம் புரிந்தது. ஆயிரக்கணக்கில் வைரஸ்கள் என்று பயமுறுத்துகிறார்களே, ஊருக்குள் நடமாடுவது அதில் ஒரு சின்னக் கூட்டம். மிச்சமெல்லாம் ஜூ. எனவே ஒரு ஆன்ட்டி வைரஸின் யோக்கியதையை எப்படிச் சோதிப்பது? ஜூவில் தொண்ணூறு சதவிகிதம் பிடித்தேன் என்பதில் பெருமை இல்லை. வெளியே திரிகிற அத்தனையையும் பிடித்தாயா? பிரிட்டனிலிருந்து வந்துகொண்டிருந்த 'வைரஸ் புல்லட்டின்' பத்திரிகை 1998-ல் இதையே பரீட்சையாக்கியது. நடமாட்டப் பட்டியலில் நூற்றுக்கு நூறு பிடிக்கவேண்டும். நல்ல ஃபைலைத் தப்பாக வைரஸ் என்று சொல்லவும் கூடாது. ஒன்று தவறினாலும் ஃபெயில். பெரிய பெரிய பெயர்களெல்லாம் அதில் ஃபெயிலாகியிருக்கின்றன.

பட்டியலுக்கும் வயசானது. மாதம் ஒருமுறை வெளியிடுகிற சமாசாரம், இன்டர்நெட் வேகத்துக்கு முன்னால் மாட்டுவண்டி. தன்னைத்தானே நகலெடுத்துப் பரவுகிற ஜாதியைத்தான் அது எண்ணியது. பரவாமல், ஒரு இடத்தில் உட்கார்ந்து பாஸ்வேர்டு திருடுகிற ட்ரோஜன்கள் பெருகியபோது, பட்டியல் ஒரு பக்கமும் ஊர் இன்னொரு பக்கமுமாகப் போக ஆரம்பித்தன. ஆனால் வார்த்தை பிழைத்துக்கொண்டது. வைரஸிலிருந்து மெல்ல நகர்ந்து, சாஃப்ட்வேரில் இருக்கும் ஓட்டைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஓட்டை இருக்கிறது, ஆனால் அதன் வழியே திருடன் இன்னும் வரவில்லை. இது ஒரு நிலை. திருடன் வந்துபோய்க்கொண்டிருக்கிறான். இது 'இன் த வைல்ட்'.

சரி, ஜூவில் இருப்பது ஜூவிலேயே இருக்குமா?

1994 டிசம்பரில் ஜோயல் மெக்நமாரா என்பவர், வேர்டு டாகுமென்ட் வழியாகவும் வைரஸ் பரவ முடியும் என்று செய்து காட்டினார். வெறும் செய்முறை விளக்கம். அதுவரை, டாகுமென்ட் என்பது சும்மா எழுத்து, அதில் வைரஸ் வராது என்பதுதான் உலகத்தின் நம்பிக்கை. 1995-ல் 'கான்செப்ட்' என்ற வேர்டு வைரஸ் நிஜமாகவே வெளியே வந்துவிட்டது. நாசம் எதுவும் செய்யாது. நான் சொல்லவந்ததை நிரூபிக்க இது போதும் என்கிற அர்த்தத்தில் உள்ளே ஒரு வாக்கியம் மட்டும் இருந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தெரியாத்தனமாக ஒரு சிடியில் அதை வைத்து அனுப்பிய கூத்தும் நடந்தது.

அது விளையாட்டுப் பிள்ளை. அடுத்து வந்தது சர்க்கார் வளர்த்த மிருகம். 2010 ஜூனில் பெலாரஸ் நாட்டின் ஒரு சின்ன ஆன்ட்டி வைரஸ் கம்பெனி கண்ணில் பட்ட ஸ்டக்ஸ்நெட். இரானின் நடான்ஸ் அணு நிலையத்தில் யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்களைக் கெடுக்கவென்றே செதுக்கியது. அங்கே போய், வேலையை முடித்துவிட்டு, அங்கேயே இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. அந்த செப்டம்பருக்குள் சுமார் ஒரு லட்சம் கம்ப்யூட்டர்களில் இருந்தது. அறுபது சதவிகிதம் இரானில். அடுத்தது இந்தோனேஷியா. அதற்கடுத்த இடம் யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? இந்தியாவுக்கு! யாரோ யாருக்கோ வெட்டிய குழி.

இந்த இடத்தில் நிஜ வைரஸ் பக்கம் ஒரு எட்டு போய்வரலாம். பெரியம்மை, இயற்கையாகக் கடைசியாக ஒருவருக்கு வந்தது 1977-ல், சோமாலியாவில். அத்தோடு வெளியே அதன் நடமாட்டம் முடிந்தது. ஆனால் 1978-ல் பர்மிங்ஹாமில் ஒருவர் பெரியம்மையில் இறந்தார். அங்கிருந்த மருத்துவக் கல்லூரியில் புகைப்படக் கலைஞராக வேலை பார்த்த பெண்மணி. அதே கட்டடத்தில், அவர் வேலை செய்த தளத்துக்குக் கீழே, பெரியம்மை ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. உலகம் முழுக்க ஒழித்துக்கட்டிய ஒன்று, பாதுகாப்பாகப் பூட்டி வைத்த இடத்திலிருந்து கிளம்பி ஒரு உயிரைக் கொண்டுபோனது.

அதே பிரிட்டனில் 2017 மே 12. அதுவும் வெள்ளிக்கிழமை. தேசிய மருத்துவ சேவை ஆஸ்பத்திரிகளில் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகச் சிவப்புத் திரை காட்டின. உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டேன், 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் அனுப்பு. வான்னாக்ரை. இங்கிலாந்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரி நிர்வாகங்கள் பாதிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கில் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுகள் ரத்து. ஆம்புலன்ஸ்களை வேறு ஊருக்குத் திருப்பினார்கள். நூற்றைம்பது நாடுகள், இரண்டு லட்சம் கம்ப்யூட்டர்களுக்கு மேல். நம் பக்கத்து ஆந்திராவில் போலீஸ் ஸ்டேஷன் கம்ப்யூட்டர்களும் மாட்டின. மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற இளைஞர், அதன் உள்ளே எழுதியிருந்த ஒரு இன்டர்நெட் முகவரி யாருக்கும் சொந்தமாக இல்லாததைப் பார்த்து, அதைத் தன் பெயரில் பதிவு செய்தார். அந்த முகவரி உயிரோடு இருந்தால் வைரஸ் அடங்கிவிடும் என்பது பதிவு செய்தபிறகுதான் அவருக்கே தெரிந்தது.

இது எங்கிருந்து வந்தது? விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டை. அதில் நுழைய அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு ஏஜென்சி, என்எஸ்ஏ, ரகசியமாக ஒரு ஆயுதம் வைத்திருந்தது. பெயர் எடர்னல் ப்ளூ. எதிரிகளை உளவு பார்க்க உதவும் என்பதால் ஓட்டையைப் பற்றி வெளியே மூச்சு விடவில்லை. 2017 மார்ச் 14-ல் மைக்ரோசாஃப்ட் அடைப்பு வெளியிட்டது. ஏப்ரல் 14-ல் 'ஷேடோ புரோக்கர்ஸ்' என்ற மர்மக் கும்பல் ஆயுதத்தையே நடுத்தெருவில் கொண்டுவந்து கொட்டியது. நான்கே வாரம். வான்னாக்ரை. திறந்துவிட்டது வட கொரியா என்று அமெரிக்காவும் பிரிட்டனும் பிற்பாடு குற்றம் சாட்டின. வளர்த்தது யார் என்பதைப் பற்றி அவர்கள் அதிகம் பேசவில்லை. மைக்ரோசாஃப்ட்டின் பிராட் ஸ்மித்துதான் போட்டு உடைத்தார். ராணுவத்தின் டோமஹாக் ஏவுகணைகளைத் திருட்டுக் கொடுத்ததற்கு இது சமம் என்றார்.

இரண்டு மாதம் முன்பே அடைப்பு வந்துவிட்டதே, ஆஸ்பத்திரிகள் ஏன் போடவில்லை என்று கேட்கலாம். கேட்பது சுலபம். ஸ்கேன் மெஷினோடு இணைந்த பழைய விண்டோஸ், கை வைத்தால் மெஷின் ஓடுமா என்ற பயம், ஆள் பற்றாக்குறை. அதைவிட முக்கியமாக, எதை முதலில் அடைப்பது? 2024-ல் மட்டும் உலகம் முழுக்க நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஓட்டைகளுக்கு அதிகாரபூர்வமாக எண் கொடுத்திருக்கிறார்கள். நாளைக்கு நூறுக்கு மேல். எந்த ஆபீஸில் அத்தனை ஆள் இருக்கிறது?

எனவே ஜோ வெல்ஸின் யோசனையே வேறு உருவத்தில் திரும்பி வந்தது. 2021 நவம்பரில் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு ஏஜென்சியான சிஸா ஒரு பட்டியல் ஆரம்பித்தது. பயன்படுத்தப்படுவதாகத் தெரிந்த ஓட்டைகளின் பட்டியல். பயங்கரமான ஓட்டை என்பதற்காகச் சேர்க்க மாட்டார்கள். அதன் வழியே யாரோ நிஜமாகவே புகுந்ததற்குச் சாட்சியம் வேண்டும். அடைக்க வழியும் இருக்கவேண்டும். சேர்த்துவிட்டால், எதிரே கெடு தேதி போட்டு, மத்திய அரசின் சிவில் அலுவலகங்கள் அத்தனையும் அதற்குள் அடைத்தாகவேண்டும். மற்றவர்களும் பார்த்து நடந்துகொள்ளலாம், கட்டாயம் இல்லை. பட்டியல் ஆரம்பித்தபோது சில நூறு. இப்போது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. நாற்பதாயிரங்களோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அதே சின்னக் கூட்டம்தான்.

அந்தப் பட்டியலைச் சும்மா ஒருமுறை மேய்ந்து பாருங்கள். யார் வேண்டுமானாலும் இன்டர்நெட்டில் பார்க்கலாம். விண்டோஸ் என்டி, விண்டோஸ் 2000 காலத்து ஓட்டை ஒன்று உட்கார்ந்திருக்கும். அதற்கு எண் கொடுத்த வருடம் 2002. பட்டியலில் சேர்த்தது 2022 மார்ச்சில். எடர்னல் ப்ளூ நுழைந்த ஓட்டையும் அதற்கு ஒரு மாதம் முன்பு சேர்ந்திருக்கிறது. அடைப்பு வந்து ஐந்து வருடம் ஆனபிறகு, எதிரே புதிதாக ஒரு கெடு தேதியோடு.